வடமுனைப் பொட்டு

மேகம் விலகக் கால் மணி நேரம் ஆகலாம், இன்று முழுக்க விலகாமலும் போகலாம், எப்படியானாலும் உட்கார்ந்திருப்பது என்று வியாகுலமேரி ஸ்வெட்டர் கைகளை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மலை மேல் இருந்த அந்தச் சூரிய ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருஷம், இந்த இருட்டறை ஸ்டூலில் பன்னிரண்டாவது. எதிரே வெள்ளைப் பலகை. வெயில் இருந்தால் கோபுரத்து உச்சியில் இருக்கும் கண்ணாடிகள் சூரியனைப் பிடித்துக் கீழே இறக்கி, நீளச் சுரங்கத்தின் வழியாக ஓட்டிக்கொண்டு வந்து, இந்தப் பலகையின் மேல் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு வைத்துவிடும். இப்போது பலகையில் ஒன்றும் இல்லை. சாம்பல். புதன்கிழமை மத்தியானத்திலிருந்து சாம்பல், வியாழன் சாம்பல், வெள்ளி மழை, சனியும் மழை, நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தைக் கேட்காமல் கோயில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவளைக் கணவர் அருளப்பன் முழங்கையால் இடித்து, “பீடத்தைப் பாரு” என்றார். பீடத்தில் இருப்பவர் அங்கேயேதான் இருப்பார், எங்கே போகப் போகிறார், சூரியன் மேல் இருக்கும் அந்தக் கறுப்புப் பொட்டுதான் ஓடுகிறது. ஒரு நாளைக்குப் பதின்மூன்று பாகை. புதன்கிழமை சூரியனின் நட்டநடுவில் இருந்தது, இன்று மேற்கு ஓரத்தை நெருங்கியிருக்கும், நாளைக்கு ஓரத்தோடு ஒட்டிவிடும், ஓரத்தில் ஒட்டிய பொட்டு பொய் பேசும், அதன் காந்தம் நம்மைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு வடக்கைத் தெற்கு என்று சாதிக்கும். அப்புறம் மறுபக்கம் போய்விடும். திரும்பி வரும்போது இருக்குமோ கரைந்திருக்குமோ. இன்றைக்கும் முழு நாள் கிடையாது, பதினோரு மணி வரைக்கும்தான், கண்ணாடிகளுக்கு மறுபூச்சு போடுவதற்குக் கழற்றி அனுப்பும்படி தலைமை அலுவலகத்துச் சாந்தகுமார் தந்தி அடித்திருக்கிறார், லாரி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும். மணி ஒன்பது இருபது.

ஒரு எழுத்துக்காகத்தான் இவ்வளவும். “ஒரு எழுத்துதானே வியாகுலம், வடக்குன்னு இருந்தா என்ன, தெற்குன்னு இருந்தா என்ன, சூரியன் நாளைக்கு வராமப் போயிருமா?” என்று காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டார் அருளப்பன். அவர் தபாலாபீசில் கடிதம் பிரிக்கிறவர். மதுரைக்குப் போக வேண்டிய கடிதத்தை மானாமதுரைப் பையில் போட்டால் என்ன, எழுத்துதானே என்று அவள் திருப்பிக் கேட்டதும் அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டார். கோபம் இல்லை, அவருக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். எனக்கு மட்டும் வரவில்லையா? ஒவ்வொரு பொட்டும் ஒரு காந்தம். அதிலிருந்து வருகிற ஒளி முறுக்கிக்கொண்டு வருகிறது, பாதி இடம்புரி, பாதி வலம்புரி. ஒளியைப் பிரித்தால் வருகிற நிறமாலையில் இரும்புக்கு உரிய கறுப்புக் கோடு ஒன்று உண்டு, பொட்டின் நடுவில் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து ஒன்று இடம்புரியாகவும் மற்றது வலம்புரியாகவும் நிற்கும். மைக்காவைச் சீவல் சீவலாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்று திசை மாற்றி அடுக்கிய தகட்டை வழியில் வைத்தால், ஒரு சீவல் இதை மட்டும் விடும், அடுத்த சீவல் அதை மட்டும் விடும், நேராக இருந்த கோடு ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். முதல் பல் இடப்பக்கம் போனால் தென்முனை, வலப்பக்கம் போனால் வடமுனை. அவ்வளவுதான் வேலை. பல்லைப் பார்க்க வேண்டும், வ அல்லது தெ என்று எழுத்தை எழுத வேண்டும். இந்தப் பதினொரு வருஷச் சுற்றில் சூரியனின் வடபாதியில் ஜோடி ஜோடியாக வருகிற பொட்டுகளில் முன்னால் போவது தென்முனையாக இருக்கும். இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, பெரும்பாலும் இருக்கிறது, நூற்றுக்கு மூன்றோ நாலோ முரண்டு பிடிக்கும் என்று வெளிநாட்டுக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் சமவெளியில் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் சாந்தகுமார் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். நம் கருவியில் பார்த்த நானூற்றுப் பன்னிரண்டு ஜோடிகளில் ஒன்றுகூட இந்த விதியிலிருந்து தப்பவில்லை என்று எழுதித் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை தபாலில் போகிறது. புதன்கிழமை அவள் பார்த்தது நானூற்றுப் பதின்மூன்றாவது. அது தப்பியிருந்தது. முன்னால் போகிற பொட்டு, வடபாதி, முதல் பல் வலப்பக்கம். வடமுனை. அதை எழுதி முடிக்கும் முன் மேகம் மூடியது, இன்னொரு பொட்டைப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லாமல் போனது.

தகட்டின் முகத்தை மாற்றிச் செருகியிருப்பீர்கள் என்றார் சாந்தகுமார். வியாழக்கிழமை வெளியூர் டிரங்காலில் பேசினார். அவர் குரல் எப்போதும் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி நிதானமாக இருக்கும், கம்பியில் இரைச்சல் இருந்தாலும் அவர் கத்த மாட்டார். “முகம் மாறினா இடம்புரி வலம்புரி ஆயிடும், உங்களுக்கே தெரியும் மிஸஸ் அருளப்பன். மனுஷங்கதானே. ஏட்டுல ஒரு வரி, பார்வையாளர் கைப்பிழைன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க, எழுத்தை நான் மாத்திக்கறேன்.” தகட்டின் சட்டத்தில் ஒரு பக்கம் சிவப்புப் புள்ளி உண்டு. புள்ளி வெளியே தெரிய வேண்டும். புதன்கிழமை வெளியே தெரிந்ததா? அவள் விரல்களைக் கேட்டாள். விரல்கள் பன்னிரண்டு வருஷமாக அதைச் செருகுகின்றன, விரல்களுக்குப் புதன்கிழமை வேறு செவ்வாய்க்கிழமை வேறு என்று தெரியாது, தெரிந்தது என்று சத்தியம் செய்யும். செவ்வாய்க்கிழமைச் சத்தியத்தைப் புதன்கிழமைக்குப் போடும். அலமாரியைத் திறந்தேன், பெட்டியை எடுத்தேன், பஞ்சால் துடைத்தேன், அப்போது மெக்கானிக் மாயழகு கோபுரத்திலிருந்து மணி அடித்தான், நான் திரும்பினேன். திரும்பியபோது தகடு கையில் இருந்தது. கையில் அது ஒரு சுற்றுச் சுற்றியிருக்குமோ? வெந்நீர் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நினைப்பதுபோலத்தான் இதுவும், நினைக்க நினைக்க அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கும். ஐந்து ராத்திரியாக அந்தத் தகட்டைச் செருகிக்கொண்டிருக்கிறாள், ஒரு தடவை புள்ளி வெளியே, ஒரு தடவை புள்ளி உள்ளே, இரண்டும் அச்சு அசலாக நடந்த மாதிரியே இருக்கின்றன. எனக்கு ஞாபகம் இல்லை. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம், ஞாபகம் இல்லை. ஆனால் ஞாபகம் இல்லை என்பதும் பிழை செய்தேன் என்பதும் ஒன்றா? அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சாந்தகுமார் பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

“முன்னாடியும் ஒருதரம் நடந்திருக்கே” என்றும் சொன்னார். அவளுடைய பணிக் கோப்பைப் பார்த்திருக்கிறார். அதைக் கேட்டதும் வியாகுலமேரி ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே யூக்கலிப்டஸ் மரத்தில் மழைத்தண்ணீர் பட்டையோடு வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷத்துக்கு முந்திய கதை. மேலிடத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார், யாரையும் கேட்காமல் படம் கழுவும் இருட்டறைக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார், கழுவாமல் வைத்திருந்த இருபத்தாறு கண்ணாடிப் படத்தகடுகள் வெளிச்சம் பட்டுக் கெட்டுப் போயின. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது, கணக்குப் போடுகிற வேலையிலிருந்து படம் எடுக்கிற வேலைக்கு வந்து ஆறு மாதம். அப்போதிருந்த மேலாளர் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், அதுவரை அவர் அவளை உட்காரச் சொன்னதில்லை. பெரியவர் பேரை இதில் இழுக்க முடியாது, யாராவது ஒருத்தர் கவனக்குறைவு என்று எழுதிக்கொடுத்தால் இதோடு முடிந்துவிடும், ஒன்றும் வராது என்றார். ஒன்றும் வரவில்லை என்பது உண்மைதான். அடுத்த மாதமே எல்லாரும் மறந்து போனார்கள். அவள்தான் மறக்கவில்லை, அவளுடைய கையெழுத்தும் மறக்கவில்லை, கோப்புக்குள் பதினான்கு வருஷம் பத்திரமாகப் படுத்திருந்து போன வியாழக்கிழமை எழுந்து வந்து அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. வேறு யாரோ செய்த பிழைக்கு நான் போட்ட கையெழுத்து, நான் செய்தேனோ இல்லையோ தெரியாத பிழைக்கு அத்தாட்சி. இதற்கும் போட்டால் அடுத்ததற்கு இரண்டு அத்தாட்சி. வியாகுலம் என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், எல்லாரும் துக்கம் விசாரிக்கிற குரலில்தான் அவளிடம் எதையும் கேட்கிறார்கள், பேனா நீட்டுகிறவர்கள்கூட.

பலகையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் தடவல் வந்தது. போனது. சுரங்கத்தில் காற்று ஈரமாக நகர்ந்தது. அவள் இடது கண்ணை மூடிப் பார்த்தாள், வலது கண்ணை மூடிப் பார்த்தாள். இடது கண்ணுக்குப் பலகையின் விளிம்பு வெட்டினாற்போலத் தெரிந்தது. வலது கண்ணுக்கு அதே விளிம்பு பாலில் நனைத்த துணியாகத் தெரிந்தது. போன மாதம் திண்டுக்கல் டாக்டர் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்றார், நாற்பத்து மூணு வயசுக்குச் சீக்கிரம்தான் என்றார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அருளப்பனிடமிருந்து மருந்துச் சீட்டை மறைத்து வைத்தாள். புதன்கிழமை எந்தக் கண்ணால் பார்த்தேன்? பழக்கம் வலது கண்தான். ஆனால் புரை மங்கலாக்குமே தவிர இடத்தை வலமாக்குமா? ஆக்காது. ஆக்காது என்று அவளுக்குத் தெரியும், சாந்தகுமாருக்கும் தெரியும், ஆனாலும் புரை விழுந்த கண்ணால் பார்த்தது என்று ஒரு வரி எழுதினால் அப்புறம் அவள் பார்த்த எதற்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கோப்பில் இடம் நிறைய இருக்கிறது. இதை நினைக்க நினைக்க ஒரு பிடிவாதமும் ஏறியது, இது சாந்தகுமாரைத் தோற்கடிக்கிற பிடிவாதம்கூட இல்லை, நான் தப்பாகவே இருந்தாலும் சரி, அந்தத் தப்பைச் சூரியன் சொல்லட்டும், டிரங்கால் சொல்ல வேண்டாம்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குக் கோபுரத்திலிருந்து மணி அடித்தது. இரண்டு அடி, அப்படியென்றால் வெயில். பலகையில் முதலில் ஒரு கலங்கல், பிறகு வட்டம், பிறகு சூரியன். நடுங்கிக்கொண்டு நின்றது, மலைக்காற்றில் எப்போதும் நடுங்கும். மேற்கு ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, வட்டம் நசுங்கி நீளவாக்கில், அவளுடைய பொட்டு. இருந்தது. அவள் மூச்சை விட்டாள். அப்புறம்தான் மற்றதைப் பார்த்தாள். கிழக்குப் பக்கம், அதே வடபாதியில், புதன்கிழமை இல்லாத ஒரு பெரிய ஜோடி. மேகம் மூடியிருந்த ஐந்து நாளில் யாரும் பார்க்காமல் ஓரம் சுற்றி வந்து, நடுவை நோக்கிப் பாதி வழி நடந்திருந்தது. தகடு முகம் மாறியிருந்தால் இரண்டு ஜோடியும் மாறித் தெரியும். ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தால் தகட்டின் மேல் பழி போட முடியாது. தகட்டின் முகத்தையும் இன்னொருவர் பார்த்து எழுதிவிட்டால் கதை முடிந்தது. அவள் கோபுரத்துக்குப் போகும் பேச்சுக்குழாயில் வாய் வைத்து மாயழகைக் கீழே கூப்பிட்டாள்.

மாயழகு கருவிகளைப் பராமரிக்கிற மெக்கானிக், முப்பத்தைந்து வயது, கிரீஸ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். “அக்கா, லாரி வந்துருச்சு. டிரைவர் கீழ டீ குடிக்கிறாரு. கண்ணாடியைக் கழட்ட ஆரம்பிச்சிரவா, பதினொண்ணுக்குள்ள இறக்கணும்ல?”

“பதினொண்ணுக்குக் கழட்டலாம். இப்ப கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா.”

“எதுக்கு?”

“தகட்டை நீ செருகப் போற.”

இந்த அறையில் எதையும் தொடாதே என்று அவனுக்கு முதல் நாளிலிருந்து சொன்னவள் அவள்தான். கழுவிக்கொண்டு வந்தான். பெட்டியைத் திறந்து கொடுத்தாள், அவள் தகட்டைத் தொடவில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “புள்ளி எந்தப் பக்கம் இருக்கு?”

“வெளிய தெரியுதுக்கா. செகப்பு.”

“ஏட்டுல எழுது. உன் கையால. நேரம் போட்டு எழுது.”

அவன் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பத்து மணி ஆறு நிமிஷம், செகப்புப் புள்ளி வெளிய என்று பேசுகிற மாதிரியே எழுதினான். அவள் சக்கரத்தைத் திருப்பிப் புதுப் பொட்டின் நடுக்கறுப்பை ஒளி உள்ளே போகும் மெல்லிய பிளவின் மேல் கொண்டுவந்தாள். முன்னால் போகிற பொட்டு. பார்வைக் குழலில் இடது கண்ணை வைத்துப் பார்த்தாள். கோடு பல்லாக நின்றது, முதல் பல் இடப்பக்கம். தென்முனை. ஊரோடு ஒத்துப் போகிற பொட்டு. இனி அவளுடைய பொட்டு. சக்கரத்தைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டாள், பொட்டு பிளவைத் தாண்டிப் போய்விட்டது, திரும்பக் கொண்டுவந்தாள், மறுபடி தாண்டியது. இந்த ஒரு நொடியில் அவளுக்கு அது தென்முனையாகவே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், அருளப்பன் சந்தோஷப்படுவார், மீன் வாங்கி வருவார். அப்படித் தோன்றியதை அவள் மறைக்கவில்லை, தோன்றட்டும் என்று விட்டுவிட்டுச் சக்கரத்தை மூன்றாவது தடவை, மெதுவாக, நடுக்கறுப்பில் நிறுத்தினாள். இடது கண். மங்கலான கோடு, சூரியன் துடித்தது, அடங்கியது. முதல் பல் வலப்பக்கம்.

வலப்பக்கம். ஓரத்துக்குப் பக்கத்தில் பொட்டின் சுற்று நரைப்பகுதிதான் முதலில் பொய் சொல்லும், நடுக்கறுப்பு கடைசிவரை உண்மை பேசும், அவள் நடுக்கறுப்பில்தான் நிற்கிறாள். இருந்தாலும் எழுந்துகொண்டாள். “உட்காரு. நீ பாரு.”

“எனக்கு என்னக்கா தெரியும். உங்களுக்குத் தெரியாததா?”

“என் வலது கண்ணுல புரை விழுந்திருக்கு மாயழகு.” சொல்லிவிட்டாள். “இடது கண்ணு நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் இன்னொரு ஜோடிக் கண்ணு வேணும். என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு. என்ன தெரியணும்னு நான் சொல்ல மாட்டேன்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். ரொம்ப நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றான், பிறகு கம்பி கம்பியாக இருக்கிறது என்றான். “ஒரு கோடு மட்டும் ரம்பப் பல்லு மாதிரி இருக்கு. மேல முதப் பல்லு... வலது பக்கம் தள்ளியிருக்கு.” அவள் சக்கரத்தைத் திருப்பிப் புதுப் பொட்டைக் கொண்டுவந்தாள். எதைக் கொண்டுவருகிறாள் என்று சொல்லவில்லை. “இப்ப?” “இப்ப இடது பக்கம். அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி.” தகட்டை அவனே எடுத்து, முகம் மாற்றி, புள்ளி உள்ளே போகும்படி செருகினான், எழுதினான், மறுபடி இரண்டையும் பார்த்தார்கள். இரண்டும் ஒருசேரப் புரண்டன, இடது வலதாக, வலது இடதாக, ஆனால் ஒன்றுக்கொன்று முரண்பட்டுக்கொண்டேதான் இருந்தன. தகட்டை எப்படி வைத்தாலும் அந்தப் பொட்டு கூட்டத்தோடு சேராது. மணி பத்து ஐம்பது. புதன்கிழமை அவள் தகட்டை எப்படிச் செருகினாள் என்பது அவளுக்கு இப்போதும் ஞாபகம் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று, அடுப்பு எரிந்தால் எரியட்டும்.

டிரங்கால் அவளே பதிவு செய்தாள். பதினொன்றே காலுக்குக் கிடைத்தது. சொன்னாள், முழுதாக, நேரங்களோடு, கண்ணில் புரை என்பதையும் அவர் தெரிந்துகொண்டு சொல்வதற்கு முன் அவளே சொன்னாள். சாந்தகுமார் குறுக்கே பேசவில்லை. கடைசியில், “சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க. அந்த ஒண்ணை அட்டவணையிலிருந்தே எடுத்துடறேன். உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் இல்ல” என்றார்.

“எடுத்தா, ஏன் எடுத்தோம்னு கட்டுரையில எழுதணும் சார்.”

“மிஸஸ் அருளப்பன், நீங்க கணக்குப் போடற வேலைக்குச் சேர்ந்தவங்க.”

“ஆமா சார். அதனாலதான் நானூற்றுப் பன்னிரண்டுக்கும் நானூற்றுப் பதின்மூன்றுக்கும் வித்தியாசம் தெரியுது.”

“உங்க கோப்புல...” என்று ஆரம்பித்தார்.

“அந்தப் படத்தகடுகளை நான் கெடுக்கலை சார். கதவைத் திறந்தது வந்த விருந்தாளி. பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன். அதையும் இன்னைக்குத் தேதி போட்டு எழுதி அனுப்பறேன், அதே கோப்புல சேர்த்துக்குங்க.” அவள் ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். “இந்தப் பொட்டைப் பத்தித் தனியா ஒரு குறிப்பு எழுதப் போறேன். உங்க கட்டுரை போற அதே சஞ்சிகைக்கு. உங்களுக்கு ஒரு நகல் வரும்.”

“யாரு போடுவாங்க அதை?”

“தெரியலை சார்” என்றாள், அது உண்மை. மூன்று நிமிஷம் முடிந்தது என்று இணைப்புப் பெண் சொன்னாள். இன்னொரு மூன்று நிமிஷத்தை அவர் கேட்கவில்லை.

மாற்றல் உத்தரவு வரலாம். கண் பரிசோதனைக்கு அனுப்பி அறையைப் பூட்டலாம். வெளிநாட்டில் யாராவது இதே பொட்டைப் பார்த்திருப்பார்கள், அவர்கள் அறிக்கை கப்பலில் வந்து சேர மூன்று மாதம், அதற்குள் என்னென்னவோ நடக்கலாம். அருளப்பனிடம் இன்று சொல்ல வேண்டும், கண்ணைப் பற்றி முதலில். பயம் போய்விட்டதா என்று பார்த்தாள், போகவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, உட்கார்ந்திருக்கட்டும், தட்டச்சு செய்ய இரண்டு கை இருந்தால் போதும். அவள் இயந்திரத்தின் உறையை எடுத்தாள், இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன் வைத்து உருளையில் ஏற்றினாள். தலைப்பை அடித்தாள். அதன் கீழே எழுதியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ச. வியாகுலமேரி என்று அடித்துவிட்டு நிறுத்தினாள். மாயழகு வாசலில் ஸ்பானரோடு நின்றான்.

“கழட்டட்டுமாக்கா?”

“கழட்டு. உங்கப்பா பேரு என்ன?”

“பெரியகருப்பன். எதுக்கு?”

“பேருக்கு முன்னால எழுத்து வேணும்.”

“என் பேரு எதுக்குக்கா இதுல? நான் மெக்கானிக்கு.”

“நீ பார்த்தியா, இல்லையா?”

அவன் ஸ்பானரைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு யோசித்தான், யாரோ அவனிடம் முதல்முறையாகக் கேட்கிற கேள்விக்கு யோசிக்கிற மாதிரி. “பார்த்தேன்” என்றான். “முதப் பல்லு வலது பக்கம்.”

அவள் ஒரு கமா போட்டு, பெ. மாயழகு என்று அடித்தாள்.